விண்வெளிக் குடியேற்றம்: காற்று யாருடைய பொறுப்பு?

செவ்வாய்க்கிரகத்தில் மனிதர் குடியேறுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ரொக்கற்றுகள் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. அமெரிக்க விண்ணோடங்கள் ஒரு கிலோ பாரத்தைப் புவிச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுசெல்லப் பல பத்தாயிரம் டொலர் செலவானது. இன்று சில ஆயிரம் டொலர் போதும். ஆகவே குடியேற்றமும் அண்மித்துவிட்டது என வாதிடுகிறார்கள். போக்குவரத்துச் செலவையும் உயிர்வாழ்வதற்கான செலவையும் ஒன்றாகக் காணும் வாதம் இது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவது பூமியிலேயே நடந்த ஒரு பரிசோதனை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், எட்வேர்ட் பாஸ் என்ற கோடீஸ்வரரின் பணத்தில், ஏறத்தாழ 3 ஏக்கரில் 'பயோஸ்பியர் 2' என்ற மூடிய கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. 1991 செப்ரெம்பரில் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். வெளிக்காற்றின்றி, தாமே பயிரிட்டு உண்டு இரண்டாண்டுகள் வாழ்வதே திட்டம். ஆனால் 16 மாதங்களில் ஒட்சிசன் 20.9 வீதத்திலிருந்து ஏறத்தாழ 14 வீதத்துக்கு இறங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஒட்சிசன் ஏற்றவேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான்: வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிட்டன. அதைத் தாவரங்கள் உள்வாங்கி ஒட்சிசனைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். ஆனால் அதில் பெரும்பங்கைக் கட்டடத்தின் கொங்கிறீற் உறிஞ்சிக்கொண்டது. மகரந்தம் பரப்பும் பூச்சிகள் அழிந்தன. எறும்பும் கரப்பானும் பெருகின. உள்ளே இருந்தவர்களும் நாலு பேர் நாலு பேராக இரு அணிகளாய்ப் பிரிந்தார்கள்.

பூமியில் இத்தகைய பிசகுகளைச் சமுத்திரமும் பரந்த வளிமண்டலமும் தாங்கிக்கொள்கின்றன. சிறிய உலகுக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் 2023இல் நீரில் 98 வீதத்தை மீட்டெடுக்கும் நிலையை எட்டியது. பெரிய சாதனைதான். ஆயினும் உணவும் உதிரிப்பாகங்களும் இங்கிருந்தே போகின்றன. ஆபத்தென்றால் சில மணிநேரத்தில் தரையிறங்கவும் முடியும். செவ்வாய்க்கான வழியோ ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும்.

இங்கேதான் பொருளாதாரம் அரசியலாகிறது. 1492க்குப் பின்னர் அமெரிக்கக் கண்டங்களில் குடியேறிய ஐரோப்பியரை உதாரணம் காட்டுவோர் உண்டு. அவர்களுக்குக் காற்றும் நீரும் அங்கேயே இருந்தன. விளைநிலத்தை அங்கு வாழ்ந்தவர்களிடமிருந்து பறித்தார்கள். வெள்ளியும் சீனியும் செலவை மீட்டுக் கொடுத்தன. செவ்வாயிலிருந்து அனுப்பி இலாபம் காணத்தக்க பண்டம் எதையும் இதுவரை எவரும் காட்டவில்லை. எனவே அக்குடியேற்றம் நெடுங்காலம் பூமியின் மானியத்திலேயே வாழவேண்டும். மானியம் கொடுப்பவர் கையிலேயே காற்று இயந்திரமும் இருக்கும்.

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் எந்த அரசும் விண்பொருட்களுக்கு உரிமை கோருவதைத் தடுக்கிறது. 2015இன் அமெரிக்கச் சட்டமோ அகழ்ந்தெடுக்கும் வளங்களைத் தன் பிரஜைகள் சொந்தமாக்க இடமளிக்கிறது. அங்கே வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளிக்குக் காற்று கிடைக்குமா என்பது பற்றி இரண்டும் பேசவில்லை.

விண்வெளி ஆய்வு வேண்டாம் என்பதல்ல நமது வாதம். எதிர்த்துப் பேசவும் திரும்பிவரவும் முடியாத ஓரிடத்தைக் குடியேற்றம் என்பதா, முகாம் என்பதா? ரொக்கற் புறப்படுமுன் விவாதிக்கவேண்டிய கேள்வி இது.