டிக் டிக் சத்தமும் ஊமை வால்வும்

சென்ற மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூட்டம். எல்லாரும் கலைந்த பிறகு ஒரு அண்ணன் மட்டும் தயங்கித் தயங்கி நின்றார். சம்பளக் கணக்கில் ஏதோ குளறுபடி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"தம்பி, மோட்டாரு டிக் டிக்குனு சத்தம் போடுது. பட்டணத்துக் கடையில பிளாக்கு, பிஸ்டன் எல்லாம் மாத்தணுங்கிறான். ஐந்நூறு வெள்ளிக்கு மேல ஆவுமாம். சீட்டை எடுத்துடலாம்னு இருக்கேன்."

அவருடையது பழைய ஹோண்டா சி 70. அவர் விடியுமுன் பிரட்டுக்குப் போவதும் அதில்தான், மகளைப் பள்ளி பஸ் நிற்கும் சந்திப்புக்குக் கொண்டுபோவதும் அதில்தான். "சீட்டைத் தொடாதீங்கண்ணே, முதல்ல சத்தத்தைக் கேட்போம்" என்றேன்.

தோழர்களே, டிக் டிக் என்றாலே பிஸ்டன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. முதலில் எண்ணெயைப் பாருங்கள். மோட்டாரைச் சமதரையில் இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, கொஞ்சம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து எண்ணெய்க் குச்சியைத் துடைத்து உள்ளே விடுங்கள். கப் வகை ஹோண்டாவில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். எண்ணெய் வற்றினால் எல்லாமே சத்தம் போடும்.

அடுத்து புகைக்குழாய். குழாய் தலையோடு சேரும் இடத்தில் கேஸ்கட் தேய்ந்திருந்தால் அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகமாகவும், சூடேறிய பின் குறைவாகவும் இருக்கும். அந்த இடத்தில் கரி படிந்திருந்தால் ஆள் பிடிபட்டான்.

இரண்டும் இல்லையென்றால் நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை என்ஜின் தலையில் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். வால்வ் மூடிக்குக் கீழே தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகத் தட்டினால் அது டப்பட். இடது பக்கத்தில் சங்கிலி உரசுவது போலக் கரகரவென்றால் டைமிங் செயின். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வந்தால் அதற்குமேல் ஓட்டாதீர்கள். அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

அண்ணனுடையது டப்பட். ராக்கர் கைக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். சி 70க்கு அது 0.05 மில்லிமீட்டர். இந்தப் பத்திரிகைத் தாளைவிடச் சற்று மெல்லியது. தேய்ந்து தேய்ந்து அது கூடினால் தட்டும். அவ்வளவுதான் வியாதி.

இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டும். இருபது வயதில் அப்பாவின் மோட்டாரில் இதே சத்தம். அளவு தகடு எதுவும் இல்லாமல், சத்தம் சுத்தமாக நிற்கும்வரை டப்பட்டை முறுக்கினேன். என்ஜின் பஞ்சு மாதிரி ஓடியது. லயத்தில் எல்லாரும் மெச்சினார்கள். சில மாதம் கழித்து, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போன ராத்திரி, செம்மண் ரோட்டில் நின்றுவிட்டது. மழை வேறு. உதைத்துப் பார்த்தால் கிக்கர் காற்றில் உதைப்பது போல லேசாக இறங்குகிறது. கம்ப்ரஷனே இல்லை. அம்மாவைக் கிராணி வீட்டுக் காடியில்தான் ஏற்றி அனுப்பினோம்.

புகை வால்வ் எரிந்துபோயிருந்தது. வால்வ் முழுசாக மூடும்போதுதான் அதன் சூடு இருக்கைக்கு இறங்கும். நான் முறுக்கிய முறுக்கில் அது மூடவே இல்லை. இடுக்கு வழியாக நெருப்புக் காற்று சீறிச் சீறி விளிம்பைத் தின்றுவிட்டது. சில என்ஜின்களில் வால்வ் இருக்கை தேய்ந்து இந்த இடைவெளி தானாகவே குறையும். அப்போதும் சத்தம் வராது. ஆகவே சத்தமில்லை என்பதற்காக அளவு பார்க்காமல் விடாதீர்கள்.

வேலை இப்படி. என்ஜின் ராத்திரி முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரண்டு வால்வ் மூடிகளையும் இடது பக்க மூடியையும் கழற்றுங்கள். மேக்னட் சக்கரத்தை இடஞ்சுழியாகத் திருப்பி, 'டி' குறியை வெளிக்குறிக்கு நேராக நிறுத்துங்கள். இப்போது இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு பூட்டு நட்டைத் தளர்த்தி, 0.05 தகட்டை நுழைத்து, இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வரும் அளவுக்குத் திருகுங்கள். நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது திருகு நகர்ந்துவிடும். தகடு சில வெள்ளிதான். லயத்துக்கு ஒன்று வாங்கினால் போதும்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தோம். கீழே உள்ள புகை வால்வில் 0.15 தகடே தாராளமாகப் போனது. மேலே ஓரளவு சரியாக இருந்தது. அரை மணி நேர வேலை. அக்கா கோப்பி கொண்டுவந்தார். அண்ணன் உதைத்தார், உடனே பிடித்துக்கொண்டது. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இன்னும் லேசா சத்தம் இருக்கே தம்பி?"

"இருக்கட்டும்ணே. அது இருக்கணும்."