வழி கேட்டு வளரும் நரம்பு

2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், ‘தரணி’ என்ற படத்தொகுப்பை உலக ஆய்வாளர்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. உயிர் பிழைக்காத ஐந்து சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொரு செல்லும் தெரியும் அளவுக்குப் படமெடுத்த தொகுப்பு அது. மொத்தம் 5,132 சீவல்கள். எல்லாமே கர்ப்பத்தின் 14-ஆம் வாரத்துக்கும் 24-ஆம் வாரத்துக்கும் இடைப்பட்டவை. மூளை தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் பருவம் இது.

வளர்ந்த மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆக்ஸான் என்ற நீண்ட இழையை நீட்டி, தனக்குரிய செல்லையோ தசையையோ தொட்டாக வேண்டும். முதுகுத் தண்டிலிருந்து கால் பாதம் வரை போகும் இழை, பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அது எப்படி வழி தவறாமல் போகிறது?

விடையின் முதல் நுனியை 1890-இல் பிடித்தவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஹால். கோழிக் கருவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வளரும் இழையின் முனை கூம்புபோல் விரிந்திருப்பதைக் கண்டார். இதுவே வளர்கூம்பு. 1907-இல் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வைத்து, இழை உயிரோடு வளர்வதையே நேரில் பார்த்தார்.

வளர்கூம்பின் விளிம்பிலிருந்து மெல்லிய விரல்கள் நீண்டுகொண்டும் சுருங்கிக்கொண்டும் இருக்கும். விரல்களுக்குள் ஆக்டின் என்ற புரத இழைகள் கட்டப்படுவதும் கலைவதுமாக இருக்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து ஈர்க்கும் வேதிப்பொருள் வந்தால், அந்தப் பக்க விரல்கள் நிலைத்துக் கூம்பு அங்கே திரும்பும். விலக்கும் பொருள் வந்தால், விரல்கள் மடங்கிக் கூம்பு விலகும். ஆக்டினைக் கட்டும் புரதங்கள் இந்தப் பயணத்தில் என்ன செய்கின்றன என்பதைப் புனேயின் ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அர்ணப் கோஷின் ஆய்வுக்குழு கோழிக் கருவில் ஆராய்ந்து வருகிறது.

தாம்பரம் ஸ்டேஷனில் முதன்முறையாக இறங்கிச் சேலையூரில் ஒரு வீட்டைத் தேடுகிறவர், முழு வழியையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவதில்லை. கேம்ப் ரோடு வரை ஒருவரிடம், அங்கிருந்து இன்னொருவரிடம் என்று கேட்டுக்கேட்டே போய்ச் சேர்ந்துவிடுவார். நரம்பிழையும் அப்படித்தான், கட்டம் கட்டமாக வழி கேட்கிறது.

தண்டுவடத்தின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குக் கடக்கும் இழைகளைப் பாருங்கள். நடுக்கோட்டில் உள்ள செல்கள் நெட்ரின் என்ற புரதத்தைச் சுரந்து அவற்றை அழைக்கின்றன. 1994-இல் மார்க் டெசியே-லவீன் குழுவினர், சுமார் 25,000 கோழிக் கருக்களின் மூளைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நடுக்கோட்டை அடைந்த இழை அங்கேயே நின்றுவிடக் கூடாதல்லவா? அதே செல்கள் ஸ்லிட் என்ற விலக்கும் புரதத்தையும் சுரக்கின்றன. கோட்டைத் தாண்டும்வரை இழைக்கு ஸ்லிட் பெரிதாக உறைப்பதில்லை. தாண்டியதும் இழையின் மேற்பரப்பில், ஸ்லிட்டை உணரும் ரோபோ என்ற ஏற்பி பெருகும். அழைத்த இடமே இப்போது தள்ளிவிடுகிறது. இழை திரும்பி வருவதில்லை. ஆக, எந்த இடத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பது பாதி விஷயம். அதைப் படிக்கும் ஏற்பி அந்த நேரத்தில் இழையிடம் இருக்கிறதா என்பது மறுபாதி.

மூளையின் இடப்பாதி வலக்கையை இயக்குவது, நரம்புகள் இப்படிப் பக்கம் மாறிப் போவதால்தான். நெட்ரினை உணரும் ஏற்பிக்கான டிசிசி மரபணு பழுதானால், சிலருக்குக் கண்ணாடி அசைவு என்ற நிலை வருகிறது. வலக்கையால் சட்டைப் பொத்தானைப் போட்டால், சும்மா இருக்கும் இடக்கை விரல்களும் அதையே செய்யும்.

பிறந்த பிறகு நரம்பு அறுபட்டால் என்ன ஆகும்? கை, கால் நரம்பென்றால் நம்பிக்கை உண்டு. பழைய இழை இருந்த பாதையை ஷ்வான் என்ற துணைச் செல்கள் காத்துவைத்திருக்கும். புதிய இழை அதன் வழியே நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். ஆனால் தோளருகே அறுந்த நரம்பு கை விரலை எட்ட இந்த வேகத்தில் இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் தசை மெலிந்து போய்விடுகிறது. தண்டுவடத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே காயத் தழும்பும், இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையின் புரதங்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. கருவில் வழிகாட்டிய குறிகளும் அன்றிருந்தபடி இருப்பதில்லை. இந்தத் தடையை நீக்கி முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை.

ஜிஎஸ்டி சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் தினமும் வண்டி ஓட்டுகிற நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விபத்தில் விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்காதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அடிபட்ட பின் கை மரத்துப்போனாலோ தூக்க முடியாமல் போனாலோ, தானாகச் சரியாகும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு மெதுவாகத்தான் வளரும். நாம் வீணாக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு இழப்பு.