வழியெல்லாம் வெளிச்சம் – 7: சூரியகாந்தியின் முதுகு

போன வாரம் சுற்றிய தேரிக்காட்டின் செம்மண் இன்னும் காரின் மிதியடியை விட்டுப் போகவில்லை. அதற்குள் மஞ்சளைத் தேடிக் கிளம்பிவிட்டோம். திருநெல்வேலியிலிருந்து மேற்கே ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று நகர நகர, காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஆடி மாதம். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் சாரலையும் வேகத்தையும் மட்டும் அனுப்பிவைக்கிற தென்மேற்குப் பருவக்காற்று. வழியெல்லாம் காற்றாலைகள் அதற்காகவே காத்திருந்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

வழக்கம்போல நாலு பேர். வண்டி ஓட்டுகிற நண்பர் கேமராவைத் தொடவே மாட்டார். ஆனால் வளைவில் நிறுத்தச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துவார். படமெடுக்கப் போகிறவர்களுக்கு இப்படி ஒருவர் வாய்த்தால் பாதிப் படம் எடுத்த மாதிரி. இன்னொருவரிடம் 70–200 லென்ஸ். அதன் எடையைப் பற்றிய புலம்பலும் கூடவே வரும். மூன்றாமவருக்கு செல்போன் போதும். என்னிடம் இருப்பது பழைய கேமரா, அதைவிடப் பழைய பிடிவாதம்.

தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது சுந்தரபாண்டியபுரம். ‘ரோஜா’ (1992) படத்தின் கதாநாயகி ஊர் என்று பலருக்கு இந்தப் பெயர் பழக்கம். ‘அந்நியன்’ (2005) பாட்டுக்காகப் பாறைகளில் பெரிதாக முகங்கள் வரைந்தார்கள். வண்ணம் மங்கியும் இன்றுவரை அதற்கு ‘அந்நியன் பாறை’ என்றுதான் பெயர். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூலை, ஆகஸ்ட்டில் இந்தப் பக்கத்து வயல்களில் சூரியகாந்தி பூக்கும். அருவியில் குளித்துவிட்டு, தலை காய்வதற்குள் பூ பார்க்க வந்துவிடுகிறது கூட்டம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. மேற்கே மலை, மலைக்கு மேலே இறங்கும் சூரியன், நடுவில் ஏக்கர் கணக்கில் சூரியகாந்தி. ‘பூவெல்லாம் சூரியனைப் பார்த்து நிற்கும், நாம் மலைப்பக்கம் போய் நின்று எடுத்தால் முடிந்தது’ என்று காரிலேயே திட்டம் போட்டிருந்தோம். மேற்கு வரப்பை அடைந்து நிமிர்ந்தால், அத்தனை பூவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பச்சைக் காம்பு, பச்சைப் புல்லிவட்டம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்த மாதிரி இருந்தது.

வயற்காரர் மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்திருந்தார். “அண்ணாச்சி, இது ஏன் சூரியனைப் பாக்காம நிக்குது?” என்று கேட்டோம்.

“சின்னச் செடியா இருக்கையில சுத்தும். பூ விரிஞ்சிட்டுன்னா கெழக்க பாத்து நின்னுரும். எந்த ஊர்ல இருந்து வாரீய? காலைல வாங்க.”

அவர் ஒரு வரியில் சொன்னதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார்கள். இளஞ்செடியின் தண்டு பகலில் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர்வதால் தலை திரும்புகிறது. வளர்ச்சி நின்றதும் ஆட்டமும் நின்று, முகம் கிழக்கே நிலைத்துவிடுகிறது. காலை வெயிலில் பூ சீக்கிரம் சூடாகும். மேற்கே திருப்பி வைத்த பூக்களைவிடக் கிழக்கு பார்த்த பூக்களுக்கு ஐந்து மடங்கு தேனீக்கள் வந்தனவாம்.

சும்மா போக மனமில்லாமல், சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த வேறொரு வயலில் ஒரு படம் எடுத்தேன். முன்னாலேயே விதைத்த வயல். இதழ்கள் உதிர்ந்து, தலைகள் பாரத்தில் கவிழ்ந்து, வரிசையாக முதுகுகள். அழிக்க வேண்டிய படம் என்று அப்போதே மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு வயலின் கிழக்கு வரப்பில் நின்றோம். அப்போதுதான் இந்த ஊரின் அமைப்பு புரிந்தது. பூ கிழக்கே பார்க்கிறது. மலை மேற்கே இருக்கிறது. கிழக்கு ஓரத்தில் நின்றால் வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து பூவின் முகத்தில் விழும், பூவுக்குப் பின்னால் மலை நீலமாக எழும். மலை கிழக்கே இருக்கும் ஊரில் இதே பூவை எடுத்தால் முகத்தையும் மலையையும் ஒரே படத்தில் சேர்க்க முடியாது.

ஆனாலும் என் முதல் படத்தில் மலை ஒரு கோடாகச் சுருங்கிக் கிடந்தது. அகலக்கோண லென்ஸ் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதை இன்னும் தூரத்துக்குத் தள்ளும். போதாததற்கு, இளவெயிலில் என் நிழல் பனைமரம் மாதிரி நீண்டு பூக்களின் மேலேயே விழுந்தது. 70–200 நண்பர் சாலை வரை பின்னால் போய், 200 மில்லிமீட்டரில் எடுத்தார். மலை எழுந்து வந்து வயலின் தோளில் நின்றது. பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி மஞ்சள் அடர்ந்தது. நிழல் படத்துக்குள்ளேயே வரவில்லை. லென்ஸின் எடையைப் பற்றி அன்று முழுக்க அவர் பேசவில்லை.

ஆடிக் காற்றில் பூ ஒரு நொடிகூட சும்மா நிற்காது. 1/200-இல் எடுத்ததெல்லாம் கலங்கியிருந்தது. ஐஎஸ்ஓவைக் கூட்டி 1/800-க்குப் போனபிறகுதான் இதழின் நரம்பு தெரிந்தது. மஞ்சளுக்கு இன்னொரு குணம்: வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் இதழ்களெல்லாம் வெளுத்து ஒரே பூச்சாகிவிடும். முக்கால் ஸ்டாப் குறைத்தே எடுத்தோம். செல்போன்காரர் திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தை விரலால் கீழே இழுத்து, அதே வேலையைச் செலவில்லாமல் முடித்தார்.

முடித்த கையோடு ஒரு தப்பும் செய்தார். பூக்களுக்கு நடுவே நின்று எடுத்தால் நன்றாக வருமென்று ரெண்டு எட்டு உள்ளே வைத்தார். மடக்கென்று ஒரு சத்தம்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. முறிந்த தண்டை நிமிர்த்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். “ஒரு செடிக்கு ஒரு பூதான் தம்பி. கத்திரிச் செடியா இருந்தா வேற கெளையில காய்க்கும். இது போனா போனதுதான்.” அப்போதுதான் வயலின் ஓரத்தைக் கவனித்தோம். சாலையை ஒட்டி ரெண்டு வரிசைக்குச் செடிகள் சாய்ந்து, மண் காலடி பட்டு இறுகிக் கிடந்தது. ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள் போட்ட பாதை. சில வயல்களில் கயிறு கட்டி, உள்ளே வர ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள். முந்தின நாள் அதைப் பார்த்து முணுமுணுத்தவன் நான். அந்த மடக்கென்ற சத்தத்துக்குப் பிறகு, வாங்கட்டும் என்று தோன்றியது.

ஒன்பது மணிக்கு ஓர் ஆச்சி வந்தார். கையில் பழைய வெள்ளைத் துணி. வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவின் முகத்தையும், குளித்து வந்த பிள்ளைக்குத் துடைத்துவிடுகிற மாதிரி, துணியால் மெல்லத் தேய்த்துவிட்டு நகர்ந்தார். மகரந்தம் ஒரு பூவிலிருந்து மறு பூவுக்குப் போகத்தான். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும் என்றார்.

“காத்துல தேனீ வர மாட்டேங்கு. அது வேலைய நாமதான் பாக்கணும்.”

படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும், “என்னய எதுக்கு எடுக்கிய, பூவ எடுங்க” என்று சிரித்தார். கையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றோம். சரியென்றார். மஞ்சள் பொடி ஏறிய விரல்கள், துணி, பூவின் பாதி முகம்.

வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போது அண்ணாச்சி கேமராவை வாங்கிப் பார்த்தார். நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மலையும் மஞ்சளும் அவர் கட்டைவிரலில் வேகமாக ஓடின. ஆச்சியின் கையில் கொஞ்சம் நின்று, பின் நகர்ந்தார். முந்தின நாள் மாலைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. கவிழ்ந்த தலைகளின் படம்.

“இதப் பெருசாக்கிக் காட்டுங்க.”

காட்டினேன். “முதுகு எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துட்டு பாருங்க. அறுக்கலாம். இந்த ஓரத்துல கிளி விழுந்திருக்கு. இது ரோட்டுக்கு அந்தப் பக்கமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“மச்சினன் வயலு. அவன் திருப்பூர்ல இருக்கான். இதை எனக்கு அனுப்புங்க, அவனுக்குப் போடுதேன்.”

கேமராவிலிருந்து செல்போனுக்கு மாற்றி, அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். டீ தம்ளரைக் கழுவி வைப்பதற்குள் திருப்பூரிலிருந்து பதில் வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை ஆள் வைத்து அறுத்துவிடலாம். அந்த ரெண்டு நாளில் நாங்கள் எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களில் யாருக்காவது வேலைக்கு ஆனது அது ஒன்றுதான்.

(அடுத்த வாரம்: செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, பதின்மூன்று கண் பாலத்தடியில் ஒரு ரயிலுக்காகக் காத்திருந்த கதை)