கடைக்கு எந்தக் கேமரா?

சரக்கின் படத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கும் வழக்கம் இன்று மளிகைக் கடை வரை வந்துவிட்டது. பெரிய கேமரா வாங்கலாமா, கையிலுள்ள செல்போனே போதுமா என்ற கேள்வி வணிகர்களிடையே எழுகிறது. முதல் போடும் முன் கணக்குப் பார்ப்பது நம் வழக்கமல்லவா? பார்ப்போம்.

கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லுக்கு சென்சார் என்று பெயர். மழையில் அண்டாவையும் டம்ளரையும் வைத்தால் அண்டாவில்தான் அதிக நீர் சேரும். அதுபோல, பெரிய சென்சார் அதிக ஒளியைப் பிடிக்கும். மங்கலான இடத்திலும் படம் புள்ளி தட்டாமல் வரும். அளவுகள் வருமாறு:

1. ஃபுல் ஃபிரேம்: 36 x 24 மி.மீ.
2. ஏ.பி.எஸ்.-சி: சுமார் 23.5 x 15.6 மி.மீ.
3. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 x 13 மி.மீ. முதல் வகையின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு.
4. செல்போன்: பெரும்பாலானவற்றில் இவை அனைத்தையும்விட மிகச் சிறியது.

தரம் கூடினால் சுமையும் கூடும். 2021-இல் வந்த சோனி ஏ7 நான்காம் பதிப்பு 658 கிராம். அதற்கேற்ற உயர்தர 24-70 லென்ஸ் மேலும் சுமார் 700 கிராம். 2020-இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்10 நான்காம் பதிப்போ சிறிய லென்ஸுடன் சேர்த்தே அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். செல்போன் சட்டைப் பையில் இருக்கிறது.

மெகாபிக்சல் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். ஏ4 தாளில் தெளிவாக நோட்டீஸ் அச்சடிக்க சுமார் 87 லட்சம் புள்ளிகள் போதும். ஆகவே 12 மெகாபிக்சல் செல்போனே தாராளம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் இன்னும் சுருங்கிவிடும்.

சிறிய சென்சாரில் நமக்கு ஆதாயமும் உண்டு. வரிசையாக அடுக்கிய பாக்கெட்டுகளைப் பெரிய கேமராவில் அருகிலிருந்து எடுத்தால் முன்வரிசை தெளிந்து பின்வரிசை மங்கக்கூடும். அதைச் சரிசெய்யப் பழக்கம் வேண்டும். செல்போனில் பெரும்பாலும் எல்லா வரிசையும் தெரியும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. லாரியில் வந்த மூட்டை நனைந்தோ கிழிந்தோ இருந்தால், இறக்குவதற்கு முன்பே படம் எடுத்தாக வேண்டும். இறக்கிய பிறகு, "உங்கள் குடோனில்தான் நனைந்தது" என்று சொல்லிவிட்டால் நட்டம் நம் தலையில். அந்த நேரத்தில் வீட்டு அலமாரியில் இருக்கும் விலையுயர்ந்த கேமராவால் என்ன பயன்? மூட்டையின் அடையாளக் குறி, லாரி எண், நனைந்த இடம் மூன்றும் தெரிய எடுத்து வையுங்கள்.

சரக்குப் படத்துக்கு வெளிச்சமே முதல் செலவு. பகலில் வாசலோரம், நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி எடுங்கள். டியூப் லைட்டும் பகல் வெளிச்சமும் கலந்தால் நிறம் மாறும். படத்தில் கண்ட துவரம்பருப்பு ஒரு நிறம், வந்தது வேறு நிறம் என்றால் போவது நம் பெயர்தான்.

ஆண்டுதோறும் பெரிய காலண்டர், பேனர் போடுவோர் பெரிய கேமரா உள்ள ஸ்டுடியோக்காரரை ஒரு நாள் அமர்த்திக்கொள்ளலாம். வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும் மொத்த வியாபாரிக்கு நடுத்தர வகைக் கேமரா ஏற்றது. மற்றவர்கள் செல்போனுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தைச் சரக்கில் போடுவதே நலம்.