படம் ஓடினால் போதுமா?

மேசையின் இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. இரண்டிலும் ஆண்டெனா, இரண்டுக்கும் தலா ஒரு லேப்டாப். இங்கே ஓடவிட்ட வீடியோ அங்கே திரையில் தெரிகிறது. கல்லூரிக் கண்காட்சியானாலும் பன்னாட்டு ஆய்வு மாநாடானாலும், மென்பொருள் வானொலியைப் பிறருக்குக் காட்ட நினைப்பவர்கள் அடிக்கடி கையில் எடுப்பது இந்தக் காட்சியைத்தான். காரணம் எளிது: அலை கண்ணுக்குத் தெரியாது, படம் தெரியும். ஆனால் படம் ஓடியதை மட்டும் வைத்து வானொலி இணைப்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. படத்தை ஓடவைக்கப் படும் பாட்டில் பாதியையாவது, அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று காட்டுவதற்குச் செலவிட வேண்டும் என்பது என் கட்சி.

சாதாரண வானொலிக் கருவியில் எந்த அலைவெண்ணைப் பிடிப்பது, பிடித்ததிலிருந்து ஒலியையோ படத்தையோ எப்படிப் பிரித்தெடுப்பது என்பதெல்லாம் சர்க்யூட்டிலேயே முடிவாகிவிடும். மென்பொருள் வானொலிப் பெட்டிக்கு வேலை குறைவு. ஆண்டெனாவில் வரும் அலையை நொடிக்குப் பல லட்சம் முறை அளந்து எண்களாகக் கணினிக்குத் தள்ளும். கணினி தரும் எண்களை அலையாக்கி வெளியே விடும். மற்றதெல்லாம் நிரல். 1990களின் தொடக்கத்தில் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியாளர் முன்வைத்த இந்த யோசனை, 2001இல் க்னூ ரேடியோ என்ற கட்டற்ற மென்பொருள் தொடங்கியபின் மாணவர்கள் வரை வந்து சேர்ந்தது. மேட் எட்டஸ் உருவாக்கிய யூஎஸ்ஆர்பி பெட்டிகள் ஆய்வகங்களில் இடம்பிடித்தன. ஹேக்ஆர்எஃப், புளூட்டோ என்று விலை குறைந்த கருவிகளும் வந்தன.

வீடியோ என்றதும் காற்றுவெளிதான் திணறும் என்று தோன்றும். உண்மையான நெருக்கடி பெரும்பாலும் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருக்கும் கேபிளில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாகச் சுருக்கிய ஒரு வீடியோவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். க்யூபிஎஸ்கே என்ற எளிய பண்பேற்றத்தில் ஒரு குறியீடு 2 பிட்டைச் சுமக்கும். அதில் பாதியைப் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கினால் நொடிக்கு 20 லட்சம் குறியீடுகள் தேவை. குறியீட்டுக்கு இரண்டு மாதிரி என்றால் 40 லட்சம் மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியும் 32 பிட். ஆக, 2 மெகாபிட் படத்துக்காகக் கேபிளில் 128 மெகாபிட் ஓடுகிறது, அதுவும் ஒரு கணம்கூடத் தடைபடாமல். யூஎஸ்ஆர்பி வகையில் என்210 பெட்டியை நொடிக்கு 2.5 கோடி மாதிரி என்ற வேகத்தில் ஓட்டினால் 800 மெகாபிட் ஆகிவிடும். அதன் ஈதர்நெட் கேபிளே ஏறக்குறைய நிரம்பிவிடும். கணினி நேரத்துக்கு எண்களைத் தராவிட்டால் பெட்டியின் மென்பொருள் திரையில் 'யூ' என்ற ஆங்கில எழுத்தை அச்சிடும். வந்த எண்களை அள்ள முடியாமல் போனால் 'ஓ'. ஒவ்வோர் எழுத்தும் அலையில் விழுந்த ஒரு வெட்டு. லேப்டாப் மின்சிக்கன நிலையில் இருந்தாலோ, யூஎஸ்பி 3 கருவியைப் பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தாலோ இந்த எழுத்துகள் வரிசைகட்டி வரும். பார்ப்பவர்களோ சிக்னல் சரியில்லை என்று ஆண்டெனாவைத் திருப்பச் சொல்வார்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல் இன்னும் நுட்பமானது. இணைப்பு மோசமாக இருந்தும் படம் ஓடலாம். விஎல்சி பிளேயர் வலையமைப்பிலிருந்து வரும் வீடியோவைத் தானாகவே சிறிது நேரம் சேர்த்துவைத்துத்தான் காட்டும். இடையில் வரும் சிறு தடங்கல்கள் அதில் கரைந்துபோகும். டிசிபி வழியாக அனுப்பினால் தொலைந்த பாக்கெட் மறுபடி கேட்டு வாங்கப்படும், இழப்பு வெறும் தாமதமாக மாறிவிடும். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைக் கேபிளில் கொடுத்துவிடுவதும் உண்டு. தனித்தனிக் கடிகாரம் என்றால், பத்து லட்சத்துக்கு 2 பங்கு பிசகினாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 4,800 ஹெர்ட்ஸ். வாங்கும் பெட்டி அந்த விலகலைக் கண்டுபிடித்துத் திருத்தியாக வேண்டும். கடிகாரத்தைப் பொதுவாக்கினால் அந்தத் தேர்வையே எழுதாமல் தேறிவிடலாம். எல்லாவற்றையும்விட வேடிக்கையானது, இரண்டு பெட்டிகளையும் ஒரே கணினியில் இணைத்து இரண்டுக்கும் ஐபி முகவரி கொடுப்பது. இரண்டு முகவரியும் தன்னுடையவைதான் என்று லினக்ஸுக்குத் தெரியும். பாக்கெட்டை வானொலிக்கு அனுப்பாமல் உள்ளுக்குள்ளேயே கைமாற்றிவிடும். ஆண்டெனாவைக் கழற்றினாலும் படம் ஜோராக ஓடும்!

மேடையில் படத்தை நிறுத்திக் காட்டச் சொல்வது அநியாயம் இல்லையா, பொதுமக்களுக்குப் பிழை விகிதம் எல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2022 மே மாதம் சென்னை ஐஐடியில் உள்நாட்டு 5ஜி சோதனை வலையமைப்பைக் காட்டியபோது மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் வீடியோ அழைப்புதான் பேசிப் பார்த்தார். வரைபடத்தை யாரும் செய்தியாக்குவதில்லை. ஆனால் ஒரு முழு வலையமைப்பு பிறந்துவிட்டது என்று அறிவிப்பது வேறு, ஒரு புதிய பண்பேற்றமோ பிழைதிருத்த முறையோ மற்றதைவிட மேல் என்று காட்டுவது வேறு. இரண்டாவதற்குப் படம் மட்டும் சாட்சியாகாது. வீடியோ அனுப்ப மலிவான வைஃபை ரவுட்டரே போதுமே என்ற இன்னொரு ஆட்சேபத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரவுட்டரின் சிப்புக்குள் நாம் கைவைக்க முடியாது. ஒன்றை மாற்றி, விளைவு எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் மென்பொருள் வானொலி. மாற்றத்தையே காட்டாத செயல்விளக்கத்துக்கு ரவுட்டர் போதும்தான்.

டிஜிட்டல் வீடியோவின் சுபாவமும் இங்கே குறுக்கே நிற்கிறது. சிக்னல் குறையக் குறையப் பழைய அனலாக் டிவியில் புள்ளிகள் மெல்லப் பெருகும். டிஜிட்டலில் கடைசிவரை படம் பளிச்சென்று இருந்து, ஒரு விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று சிதறிவிடும். விளிம்புக்குள் இருக்கும்வரை நல்ல வடிவமைப்பும் சுமாரான வடிவமைப்பும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த விளிம்பையே ஆய்வுப் பொருளாக்கியவர்கள் எம்ஐடியின் ஷிமோன் யாகுப்சாக்கும் டீனா கடாபியும். 2011இல் அவர்கள் வெளியிட்ட சாஃப்ட்காஸ்ட் முறையில், பிக்சல் மதிப்புகளைச் சார்ந்தே அலையின் வீச்சு அமையும். ஆகவே இரைச்சல் கூடும்போது படமும் படிப்படியாகத்தான் மங்கும். சிக்னலைக் கூட்டியும் குறைத்தும் காட்டாமல் அந்த முறையின் சிறப்பை யாருக்கும் விளக்க முடியாது.

எப்படிக் குறைப்பது? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே நடக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாது. சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டெனுவேட்டரை நடுவில் வைத்து இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைப்பதே மேல். அதிலும் 30 டெசிபெல் நிலையான குறைப்பு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். ஹேக்ஆர்எஃப் தாங்கும் உச்ச உள்வரவு -5 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அனுப்பும் பெட்டியை நேராகச் செருகினால் பழுதாகிவிடக்கூடும். கேபிளில் போனால் அது கம்பியில்லாத் தொடர்பா என்று சிலர் முகம்சுளிப்பார்கள். அரங்கில் நூறு கைபேசிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கும்போது காற்றில் நடக்கும் சோதனை எதை அளக்கிறது என்று அவர்களும் சொல்ல வேண்டும். வைஃபை பேசுமுன் காதுகொடுக்கும்; அவசரத்தில் எழுதிய நம் நிரல் காதுகொடுக்காது, மற்றவர்களின் இணைப்பையும் கெடுக்கும். சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குத் தனி உரிமம் தேவையில்லை என்றாலும், அந்தச் சலுகை சக்தி வரம்புக்கு உட்பட்ட, ஒப்புதல் பெற்ற கருவிகளுக்கே. எந்த அலையையும் அனுப்பக்கூடிய ஆய்வகப் பெட்டி தானாக அதற்குள் வந்துவிடாது. காற்றில் காட்டியே ஆகவேண்டும் என்றால் அதைக் கேபிள் சோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அட்டெனுவேட்டரின் குமிழைப் பார்வையாளர் கையிலேயே கொடுத்துவிடலாம். வீடியோவுக்குப் பக்கத்தில், வாங்கும் பெட்டி காணும் க்யூபிஎஸ்கே குறியீடுகளின் நான்கு புள்ளிக்கூட்டங்களும் தொலைந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையும் திரையில் ஓடட்டும். குமிழைத் திருப்பத் திருப்பப் புள்ளிகள் பரவி ஒன்றோடொன்று உரசும். படம் அப்போதும் தடங்கலில்லாமல் ஓடும். இன்னும் ஒரு டெசிபெல், கட்டம்கட்டமாகச் சிதறும். அந்த இடத்து டெசிபெல்லைக் குறித்துக்கொண்டு, ஏட்டுக் கணக்கு சொல்லும் எண்ணைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால், படத்தை விட்டுவிட்டு இரண்டுக்கும் நடுவே ஏன் இத்தனை இடைவெளி என்றுதான் கேட்பார்.