பூனை எங்கே போச்சும்மா?

இன்றைய தலைப்பைச் சொன்னதும் எங்கள் ஒளிப்பதிவாளர் சிரித்துவிட்டார். "பூனை காணாமல் போனதற்கெல்லாம் ஒரு கலந்துரையாடலா?" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் தன் கறுப்புப் பூனை வராமல் போன இரவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். லயத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு வெகுநேரம் கூப்பிட்டாராம். அப்போது அவருக்கு ஆறு வயது. இப்போது ஐம்பதை நெருங்குகிறார். பூனையின் பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது.

பேராக்கில் நம்மவர் வீடுகளுக்குப் பூனை புதிதல்ல. சுங்கை சிப்புட், கோப்பெங், தாப்பா வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் செழித்த நாளில், அரிசி மூட்டைக்குப் பூனைதான் காவல். "யாருடைய பூனை?" என்று கேட்டால் ஐந்து வீட்டார் "எங்களுது" என்பார்கள். ஒரு வீட்டில் காணோம் என்றால் அடுத்த வீட்டு அடுப்படியில் படுத்திருக்கும். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், வீடுகள் கட்டினார்கள். குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. இப்போது பூனை ஒரே வீட்டுப் பிள்ளை. அது காணாமல் போனால் அந்த ஒரு வீட்டுக் குழந்தைதான் வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் குழந்தையிடம் என்ன சொல்வது? சொல்வதற்கு முன், அதற்கு என்ன புரியும் என்று பார்க்க வேண்டும். ஹங்கேரி நாட்டு உளவியலாளர் மரியா நாகி, 3 முதல் 10 வயது வரையிலான 378 பிள்ளைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்கள் சாவை ஒரு பயணம் அல்லது தூக்கம் என்றே நினைத்தார்கள். போனவர் திரும்பி வருவார், அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் பாலர் பள்ளிப் பிள்ளை "நாளைக்கு வருமா?" என்று தினமும் கேட்கிறது. நீங்கள் சொன்னது காதில் விழாமலில்லை. 'இனி இல்லை' என்பது அந்த வயதுக்கு இன்னும் எட்டவில்லை.

அரங்குக்கு வந்திருந்த ஒரு தாய் தன் ஐந்து வயது மகனைப் பற்றிச் சொன்னார். பூனை காணாமல் போன மூன்று நாள் பையன் சரியாகச் சாப்பிடவில்லையாம். துக்கம் என்று இவர் நினைத்திருக்கிறார். நான்காம் நாள் இரவில்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று காலையில் அவன் பூனையின் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறான். "என் மேல கோவிச்சுக்கிட்டுத்தாம்மா போயிடுச்சு" என்று அழுதிருக்கிறான். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு, தாங்கள் நினைத்ததும் செய்ததும்தான் உலகத்தையே நடத்துகிறது. ஆகவே அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்: "வாலை இழுத்தா பூனைக்கு வலிக்கும், அது தப்பு. ஆனா அதுக்காக அது வீட்டை விட்டுப் போகலய்யா." தப்பைத் தப்பு என்று சொல்லுங்கள். பழியை மட்டும் இறக்கி வையுங்கள்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. "சாப்பிடலேன்னா பூனையைப் பிடிச்சுட்டுப் போன பூச்சாண்டி உன்னையும் பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்று பாட்டி சொல்லுவார். சோறு இறங்கும், தூக்கம் போய்விடும். இறந்தது தெரிந்தே "தூங்கப் போயிடுச்சு" என்றால் பிள்ளை படுக்கைக்கே பயப்படும். இதைவிட மோசமான ஒன்று உண்டு, மனம் கோணாமல் கேளுங்கள். குட்டி போட்டுத் தொல்லை என்று அப்பாவே பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையிலோ சாப்பாட்டுக் கடைப் பக்கமோ விட்டுவிட்டு வருகிறார். பிள்ளை அழும்போது "எங்கேயோ ஓடிப் போச்சு" என்கிறார். ஒரு நாள் அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காளோ உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அன்று பிள்ளை தொலைப்பது பூனையை அல்ல. வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் கருத்தடை செய்யுங்கள், வேறு வீடு தேடுங்கள், ஈப்போவில் இருக்கும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தாரிடம் பேசிப் பாருங்கள். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்தே செய்யுங்கள்.

சரி, உண்மையாகவே காணவில்லை என்றால்? உட்கார்ந்து ஆறுதல் சொல்வதை விட எழுந்து தேடுவது மேல். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காணாமல் போன 1,210 பூனைகளின் கதையைத் திரட்டி 2018இல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு ஏழு நாளுக்குள் கிடைத்தன. ஓராண்டுக்குள் கிடைத்தவை 61 விழுக்காடு. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. அதாவது நம் தாமானுக்குள்ளேயே! பயந்த பூனை நம் குரல் கேட்டும் பதில் கொடுக்காமல் பதுங்கிக் கிடக்கும். தீபாவளி, சீனப் புத்தாண்டுப் பட்டாசுக்கு ஓடியது என்றால் சொல்லவே வேண்டாம். இரவு அடங்கிய பிறகு கைவிளக்குடன் போங்கள். சாக்கடை ஓரம், கார் அடி, பக்கத்து வீட்டுச் சாமான் அறை என்று தாழ்வாக ஒளியடித்தால் கண் மின்னும். புதுவீடு மாறியவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் பூனையை உள்ளேயே வையுங்கள். விட்டால் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு நடக்கும்.

தேடும் வேலையில் பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுங்கள். படத்தை அதுவே வரையட்டும். மேலே 'கூச்சிங் ஹிலாங்' என்று மலாயில் பெரிதாக எழுதுங்கள், நம் தெருவில் தமிழ் மட்டும் படிப்பவர்கள் எத்தனை பேர்? மேலே சொன்ன தாய் மகனைக் கூட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கியிருக்கிறார். மலாய்க்கார மக்சிக் ஒருவர் தன் பேரப்பிள்ளைகளையே தேட அனுப்பினாராம். பையன் அன்று இரவு ஒழுங்காகச் சாப்பிட்டான். பூனை கிடைக்கவில்லை, ஆனால் அவன் அதற்காக ஏதோ செய்துவிட்டான்.

கிடைக்காத நிலைதான் கடினமானது. செத்துப்போனால் புதைத்து, பூ வைத்து அழலாம். காணாமல் போனதற்கு என்ன செய்வது? செம்பனைக்குள் மலைப்பாம்பு பிடித்ததா, எலி மருந்து தின்ற எலியைத் தின்றதா, வேறு வீட்டில் நன்றாக இருக்கிறதா, யார் கண்டது? அமெரிக்கப் பேராசிரியர் பாலின் பாஸ், வியட்னாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இப்படி முடிவு தெரியாத இழப்புக்கென்றே ஒரு பெயர் வைத்தார். 2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேருடன் எம்எச் 370 விமானம் மறைந்தபோது, அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நம் நாடே பார்த்தது. ஒரு பூனையை அதற்கு நிகராக நான் வைக்கவில்லை. ஆனால் 'தெரியாது' என்பதோடு வாழ்வதை ஒரு பிள்ளை முதன்முதலில் கற்றுக்கொள்வது சில வேளை பூனையிடம்தான்.

அதனால் நமக்கே தெரியாதபோது தெரிந்ததுபோல் பேச வேண்டாம். "வரும்" என்று சத்தியம் செய்யாதீர்கள், "செத்திருக்கும்" என்றும் முடித்துவிடாதீர்கள். "எங்கே இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியலய்யா. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு." இது போதும். நாமும் அழுதால் தவறில்லை. தட்டை உடனே எடுத்து வீச வேண்டாம், எப்போது எடுப்பது என்று பிள்ளையிடமே கேளுங்கள். மறுநாளே புதுக்குட்டி வாங்கி வந்து அதே பெயரை வைப்பது வேண்டவே வேண்டாம். பழையதைப் பற்றிப் பிள்ளை சிரித்துப் பேச ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம். பல வாரம் ஆகியும் தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்து, படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருவேளை பூனை திரும்பி வந்துவிட்டால், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பிள்ளையை விடாதீர்கள். மெலிந்து, காயப்பட்டு, பயந்து வந்திருக்கும். சீறும், கட்டிலுக்கடியில் போய் ஒளியும். அதற்கு நம்மை மறந்துபோகவில்லை, இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு, முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.