9-ஆம் தேதி ஏறி, 11-ஆம் தேதி இறங்கிய விமானம்

2021 ஜனவரி 9 இரவு சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், 11-ஆம் தேதி அதிகாலை பெங்களூரில் இறங்கியது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானி அறை முழுக்கப் பெண்கள். தேதியைப் பார்த்தால் ஒன்றேகால் நாள். வானில் பறந்ததோ 17 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மீதி, கடிகாரங்களின் வித்தியாசம். குளிர்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நமக்கு 13.30 மணி நேரம் பின்னால் இருக்கிறது.

பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பும் தருமபுரி வீடுகளில் டிக்கெட்டைப் பார்த்துக் குழம்புவதும் இதனால்தான். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பெங்களூரில் மதியம் 2.30-க்கு ஏறி, அதே நாள் மாலை 5-க்குச் சான்பிரான்சிஸ்கோவில் இறங்குவதாகப் போட்டிருந்தால், நடுவில் இருக்கும் இரண்டரை மணியோடு 13.30-ஐக் கூட்டுங்கள்: 16 மணி நேரம். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால் 12.30-ஐக் கூட்டினால் போதும்.

தூரத்துக்கு வருவோம். இரு விமான நிலையங்களுக்கும் இடையே 13,993 கி.மீ. என்கிறார்கள். உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. சுவரில் மாட்டிய வரைபடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து போவதே நேர்வழி போலத் தெரியும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் வடதுருவப் பகுதி வழியாகப் போகும். 2021-இல் அந்த விமானம் வந்ததும் துருவத்தின் வழியாகத்தான்.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இந்தத் தூரத்துக்குப் பதினைந்தரை மணி நேரம் போதும். ஆனால் விமானம் கோட்டின் மேலேயே போவதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும், மேற்கே போவதைத் தடுக்கும். லண்டனுக்குப் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் குறைவாக இருப்பது இதனால்தான். பூமி சுழல்வதால் அல்ல. வான்வெளி மூடப்பட்டாலும் சுற்று கூடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வழியை அடைத்தபின், மேற்கே போகும் பல விமானங்கள் சுற்றித்தான் போயின.

இத்தனை கணக்கிலும் சேராத தூரம் ஒன்று உண்டு. தருமபுரியிலிருந்து, பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி சுமார் 165 கி.மீ. ஒசூர், சில்க் போர்டு, ஹெப்பால் நெரிசலில் நான்கு மணி நேரமாவது போய்விடும். அதற்குள் விமானம் 3,600 கி.மீ. கடந்துவிடும். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போயாக வேண்டும். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் பக்கம்தான், ஆனால் அங்கே உள்நாட்டுச் சேவை மட்டுமே.

ஒசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. மைசூர், ஹாசன் நீங்கலாக, 150 கி.மீ. தொலைவுக்குள் 2033 வரை புதிய நிலையம் கூடாது என்ற பெங்களூர் விமான நிலைய ஒப்பந்த நிபந்தனை குறுக்கே நிற்கிறது. மத்திய, மாநில அரசுகள் அதுவரை காத்திருக்காமல் இப்போதே பேசி இதைத் தீர்க்க வேண்டும்.